பதினாறு வயதில் ஒப்பந்தமா, பதினெட்டில் கல்லூரியா?

2025 ஆகஸ்ட் 3. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் யூஜின் நகரம், ஹேவர்ட் ஃபீல்ட் மைதானம். தேசியத் தடகளப் போட்டியில் ஆண்கள் 800 மீட்டர் இறுதி ஓட்டம். முதல் மூன்று இடங்களைப் பிடிப்பவர்களுக்கு டோக்கியோ உலகச் சாம்பியன்ஷிப்பில் இடம். கடைசி வளைவுக்குள் நுழையும்போது கூப்பர் லுட்கன்ஹாஸ் பின்தங்கித்தான் இருந்தார். டெக்சாஸ் மாநிலத்துப் பள்ளி மாணவர், வயது 16. நேர்ப்பாதைக்கு வந்ததும் ஒவ்வொருவராக முந்திக்கொண்டு வந்து இரண்டாவதாக முடித்தார். நேரம் 1 நிமிடம் 42.27 விநாடி. பதினெட்டு வயது நிறையாத யாரும் உலகத்தில் அதுவரை அந்த வேகத்தில் ஓடியதில்லை.

அந்த ஓட்டத்தில் முதல் நான்கு இடங்களைப் பிடித்தவர்களை வரிசையாகப் பார்த்தாலே அமெரிக்கத் தடகளத்தின் தீராத வழக்கு ஒன்று புரிந்துவிடும். வென்றவர் டோனவன் பிரேசியர். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு வருஷம் ஓடிவிட்டு 2016-ல் தொழில்முறைக்கு வந்தவர். மூன்றாவதாக வந்த பிரைஸ் ஹாப்பல், கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் ஓடி, கல்லூரிப் பட்டங்களை வென்ற பிறகு 2019-ல் ஒப்பந்தம் போட்டவர். நான்காவதாக வந்து வாய்ப்பைத் தவறவிட்ட ஜாஷ் ஹோயி, 2018-ல் பள்ளி முடித்த கையோடு அடிடாஸில் கையெழுத்திட்டவர். அவருடைய முதல் உலகப் பட்டம், 2025 மார்ச்சில் நான்ஜிங்கில் கிடைத்த உள்ளரங்கத் தங்கம். அதற்கு ஏழு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

லுட்கன்ஹாஸ் என்ன செய்வார் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த மாதமே பதில் வந்துவிட்டது. நைக்கியுடன் ஒப்பந்தம். பள்ளிப் படிப்பில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. செப்டம்பரில் டோக்கியோவில் முதல் சுற்றிலேயே வெளியேறினார். பதினாறு வயதில் அது ஒரு குறையே இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு தோற்பதற்கும் அதற்கு முன் தோற்பதற்கும் வித்தியாசம் உண்டா? இந்த வழக்கின் மையம் அங்கேதான் இருக்கிறது.

கென்யாவிலோ எத்தியோப்பியாவிலோ இந்தக் கேள்வி இந்த வடிவத்தில் எழாது. அங்கே பயிற்சி முகாம் இருக்கிறது, மேலாளர் இருக்கிறார், ஐரோப்பியப் போட்டிகள் இருக்கின்றன. ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் கிளப்கள். இந்தியாவில் ரயில்வே, ராணுவம், போலீஸ் வேலைகள். படிப்பும் ஓட்டமும் ஒரே கூரையின் கீழ், பல்கலைக்கழகத்தின் செலவில், ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கிடைப்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பில்தான். இலையுதிர் காலத்தில் கிராஸ் கன்ட்ரி, குளிர்காலத்தில் உள்ளரங்கப் போட்டிகள், வசந்த காலத்தில் திறந்தவெளி மைதானம், ஜூனில் தேசியக் கல்லூரிச் சாம்பியன்ஷிப். உதவித்தொகை, பயிற்சியாளர், மருத்துவர், விமானச் செலவு எல்லாம் இதற்குள் அடக்கம். வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவராக இருந்த கென்யாவின் ஹென்றி ரோனோ, 1978-ல் 81 நாட்களுக்குள் நான்கு உலக சாதனைகளைப் படைத்தார். கல்லூரி ஓட்டம் இரண்டாம் தரம் என்று யாராவது சொன்னால் இந்த ஒரு பெயரே போதும்.

ஒரு காலத்தில் இதற்கு நடுவே கனமான சுவர் இருந்தது. ஷூ கம்பெனியிடம் பணம் வாங்கிவிட்டால் கல்லூரி அணியின் சீருடையைப் போடவே முடியாது. அலிசன் ஃபீலிக்ஸ் 2003-ல் பள்ளியிலிருந்து நேராக அடிடாஸுக்குப் போனார். அந்த ஒப்பந்தம் அவருடைய தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் கட்டணத்தைக் கட்டியது, அவர் ஆசிரியப் படிப்பில் பட்டமும் வாங்கினார். ஆனால் தான் படித்த பல்கலைக்கழகத்துக்காக ஒரு தடவைகூட அவர் ஓட முடியவில்லை.

2021 ஜூலையில் அந்தச் சுவரில் கதவு வைத்தார்கள். தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துக் கல்லூரி வீரர்கள் சம்பாதிக்கலாம் என்று என்சிஏஏ அனுமதித்தது. கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு, பல்கலைக்கழகங்களே தங்கள் வருமானத்தில் வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தருகின்றன. அந்தப் பணத்தில் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகிறது. இருந்தாலும், காசு வேண்டுமென்றால் கல்லூரியை விட்டே ஆகவேண்டும் என்ற பழைய கட்டாயம் உடைந்துவிட்டது. மிச்சமிருப்பது வேறு கேள்வி. பதினெட்டு வயது உடம்பையும் மனதையும் யாரிடம் ஒப்படைப்பது?

இதற்கு ஆலன் வெப்பின் கதையைச் சொல்லாமல் பதில் தேட முடியாது. வர்ஜீனியா மாநிலத்தின் ரெஸ்டன் ஊர்ப் பையன். 2001 மே மாதம் இதே யூஜினில், ஹிஷாம் எல் கெரூஜ் வென்ற மைல் ஓட்டத்தில் 3 நிமிடம் 53.43 விநாடியில் ஐந்தாவதாக வந்தார். 1965-ல் ஜிம் ரியன் வைத்த பள்ளிச் சாதனை 36 வருஷம் கழித்து விழுந்தது. தேசமே கொண்டாடியது. இலையுதிர் காலத்தில் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் ரான் வார்ஹர்ஸ்ட் என்ற பயிற்சியாளரிடம் சேர்ந்தார். ஒரே ஒரு வருஷம்தான் நிலைத்தார். 2002-ல் கல்லூரியை விட்டு, தன் பள்ளிப் பயிற்சியாளரிடமே திரும்பி நைக்கியின் வீரரானார்.

அவரைத் தோல்விக்கு உதாரணமாகக் காட்டுவது ஒரு வழக்கமாகிவிட்டது. அது அநியாயம். 2007-ல் பெல்ஜியத்தின் பிராஸ்ஹாட் நகரில் அவர் ஓடிய 3 நிமிடம் 46.91 விநாடி, அமெரிக்க மைல் சாதனையாகப் பதினாறு வருஷம் நின்றது. ஆனால் ஒரே ஒரு ஒலிம்பிக்கில்தான் ஓடினார். 2004 ஏதென்ஸில் முதல் சுற்றோடு வெளியேறினார். நடுவே காயங்கள், பயிற்சியாளர் மாற்றங்கள், எதிர்பார்ப்பின் பாரம். பதினெட்டு வயதில் தேசத்தின் நம்பிக்கை என்று பெயர் வாங்கியவருக்கு, யாரும் கவனிக்காத இடத்தில் நிதானமாக வளர ஒரு வாய்ப்பே கிடைக்கவில்லை. மைதானத்திலிருந்து விலகிய பிறகு கல்லூரி அணிகளுக்குப் பயிற்சியாளராகவும் அவர் இருந்தார்.

வெப்பின் கதை வருத்தம் தருவது என்றால், மேரி கெய்னின் கதை கோபம் வரவழைப்பது.

நியூயார்க் அருகே பிராங்க்ஸ்வில்லைச் சேர்ந்த பெண். 2013-ல் 800 மீட்டரை 1 நிமிடம் 59.51 விநாடியில் ஓடி, இரண்டு நிமிடத்துக்குள் வந்த முதல் அமெரிக்கப் பள்ளி மாணவியானார். அதே வருஷம் மாஸ்கோ உலகச் சாம்பியன்ஷிப்பில் பதினேழு வயதில் 1500 மீட்டர் இறுதிப் போட்டியில் ஓடிப் பத்தாவது இடம் பிடித்தார். அமெரிக்காவின் எந்தக் கல்லூரியும் கூப்பிட்டிருக்கும். ஆல்பர்ட்டோ சலாசர் நடத்திய நைக்கி ஆரிகன் ப்ராஜெக்டில் தொழில்முறை வீராங்கனையாகச் சேர்ந்தார். 2014-ல் உலக ஜூனியர் 3000 மீட்டர் தங்கம் வென்றார். அதன் பிறகு முடிவுப் பட்டியல்களில் அவர் பெயர் மெல்ல மங்கிப்போனது. என்ன ஆயிற்று என்று வெளியே யாருக்கும் புரியவில்லை.

2019 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட வீடியோவில் அவரே சொன்னார். முழுக்க ஆண்களே இருந்த பயிற்சிக் குழு, எடையைக் குறை, இன்னும் குறை என்று விரட்டியதையும், சக வீரர்கள் முன்னிலையில் எடை போட்டதையும் விவரித்தார். மூன்று வருஷம் மாதவிலக்கு நின்றுபோனதையும் ஐந்து எலும்புகள் முறிந்ததையும் சொன்னார். தற்கொலை எண்ணங்களும் வந்தன என்றார். குற்றச்சாட்டுகள் பலவற்றை சலாசர் மறுத்தார். ஊக்கமருந்து விதிமீறலுக்காக அதற்குச் சில வாரம் முன்புதான் அவருக்கு நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டிருந்தது, ஆரிகன் ப்ராஜெக்டும் மூடப்பட்டிருந்தது. 2021-ல் வீரர்கள் மீதான அத்துமீறல்களை விசாரிக்கும் அமெரிக்காவின் சேஃப் ஸ்போர்ட் அமைப்பு அவருக்கு நிரந்தரத் தடை போட்டது. கெய்ன் தொடுத்த இரண்டு கோடி டாலர் வழக்கு 2023-ல் சமரசத்தில் முடிந்தது.

வளரும் பெண்ணின் உடம்பு ஒவ்வொரு வருஷமும் நேர்க்கோட்டில் வேகம் கூட்டிக்கொண்டே போகாது. பதினாறிலிருந்து இருபது வயதுக்குள் எடையும் வடிவமும் மாறும்போது நேரம் தேங்குவதும் சற்றுப் பின்வாங்குவதும் இயல்பு. பொறுத்திருந்தால் அந்த உடம்பே பிறகு வலுவான ஓட்டக்காரியைத் தரும். அந்தக் காலத்தில் பட்டினி போட்டால் ஹார்மோன் சுரப்பு குலைகிறது, மாதவிலக்கு நிற்கிறது, எலும்பு வலுவிழக்கிறது. அப்புறம் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் வரிசையாக வருகிறது. தன் அணியில் தன்னைப் போன்ற வயதில் இன்னொரு பெண்கூட இல்லாத இடத்தில் அந்தச் சிறுமி இதை யாரிடம் போய்ச் சொல்வாள்? கல்லூரி அணி என்றால் குறைந்தபட்சம் விடுதி அறையில் பக்கத்துக் கட்டிலில் அதே வயதுத் தோழி ஒருத்தி இருப்பாள்.

அதற்காகக் கல்லூரி புனிதமான இடம் என்று நினைத்துவிட முடியாது. ஆரிகன் பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணியில் இருந்த ஆறு பேர், டெக்சா ஸ்கேன் எடுத்து உடம்பின் கொழுப்பு விகிதத்தை வைத்துத் தங்களை நெருக்கியதாக 2021-ல் உள்ளூர்ப் பத்திரிகையிடம் சொன்னார்கள். சம்பளம் வாங்கும் அணிகளில் நடப்பது உதவித்தொகை வாங்கும் அணிகளிலும் நடக்கிறது. கூடவே மூன்று பருவங்களின் சுமை. அணிக்குப் புள்ளி சேர்ப்பதற்காக ஒரே வார இறுதியில் இரண்டு, மூன்று ஓட்டம் ஓடுகிறவர்கள் உண்டு. செப்டம்பரில் தொடங்கியவர் ஜூனில் களைத்துப் போகும் நேரத்தில்தான் தொழில்முறை வீரர்கள் உச்சத்தை நோக்கி நகரத் தொடங்குகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் நடுத்தூர, நெடுந்தூர ஓட்டத்தில் சான்று கல்லூரிப் பக்கமே சாய்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் 1500 மீட்டர் இறுதியைப் பார்க்கலாம். தங்கம் வென்ற கோல் ஹாக்கர், ஆரிகன் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம் ஓடியவர். வெள்ளி வென்ற ஸ்காட்லாந்தின் ஜாஷ் கெர், நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் தயாரிப்பு. வெண்கலம் வென்ற யாரெட் நுகூஸ், நாட்டர் டேம் பல்கலைக்கழகத்துப் பையன். நான்காவது இடம்தான் யாகோப் இங்கபிரிக்ட்சனுக்கு. பள்ளிப் பருவத்திலேயே குடும்பத்தின் பயிற்சியில் உருவாகி, பதினேழு வயதில் ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் 1500-ஐயும் 5000-ஐயும் வென்ற நார்வே வீரர் அவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர்தான் தங்கம், பாரிஸிலேயே சில நாளில் 5000 மீட்டர் தங்கமும் வென்றார். ஆகவே சீக்கிரம் தொடங்கியவர் வீணாகிவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மேடையில் ஏறிய மூவரும் கல்லூரி மைதானத்தில் வளர்ந்தவர்கள்.

ஐந்தாவது இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹாப்ஸ் கெஸ்லர், மிஷிகனின் ஆன் ஆர்பர் ஊர்க்காரர். 2021-ல் 1500 மீட்டரை 3 நிமிடம் 34.36 விநாடியில் ஓடி, வெப்பின் பழைய பள்ளிச் சாதனை ஒன்றைத் தகர்த்தார். வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்துக்குப் போவதாக இருந்தவர், அடிடாஸில் கையெழுத்திட்டார். ஆனால் ஊரை விட்டுப் போகவில்லை. அங்கேயே தங்கி, வெப்புக்கு ஒரு வருஷம் பயிற்சி தந்த அதே ரான் வார்ஹர்ஸ்டிடம் ஓடினார். நடுவில் சுமாரான வருஷங்களும் வந்தன. மூன்றே வருஷத்தில் பாரிஸில் 800, 1500 இரண்டிலும் ஓடத் தகுதி பெற்றார். ஒப்பந்தம் வந்தபோதும் அவருடைய வீடும் ஊரும் மாறவில்லை. அனுபவசாலியான ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தார். சீக்கிரம் கையெழுத்திட்டவர்களில் தப்பித்தவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் இப்படி ஒரு நிழல் தெரிகிறது.

குறுந்தூர ஓட்டக்காரர்களுக்குக் கணக்கே வேறு. நோவா லைல்ஸ் 2016-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு, தம்பி ஜோசஃபஸோடு சேர்ந்து பள்ளியிலிருந்து நேராக அடிடாஸுக்குப் போனார். எட்டு வருஷத்தில் பாரிஸில் 100 மீட்டர் தங்கம். சிட்னி மெக்லாக்ளின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு வருஷம் ஓடினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். வேகம் என்பது வயதுக்கு முன்பே வெளிப்பட்டுவிடும். 5000, 10,000 மீட்டருக்கு வேண்டிய தாங்குசக்தி வருஷக்கணக்கில் கிலோமீட்டர்களைச் சேர்த்துத்தான் வரும். கிராண்ட் ஃபிஷர் பள்ளியிலேயே மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடியவர். அப்போதே கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஸ்டான்ஃபோர்டில் படிப்பை முடித்துத்தான் வெளியே வந்தார். பாரிஸில் 5000, 10,000 இரண்டிலும் வெண்கலம் வென்றார். ஒரே ஒலிம்பிக்கில் இரண்டிலும் பதக்கம் வாங்கிய முதல் அமெரிக்கர் அவர்.

இனி பணத்துக்கு வரலாம். ஷூ ஒப்பந்தம் என்றால் மாதச் சம்பளம் என்றே பல பெற்றோர் எண்ணுகிறார்கள். வீரர் அங்கே ஊழியர் இல்லை, தனி ஒப்பந்தக்காரர். பல ஒப்பந்தங்களில் குறைப்பு விதி என்று ஒன்று இருக்கும். தரவரிசையில் சரிந்தால், குறிப்பிட்ட எண்ணிக்கையில் போட்டிகளில் ஓடாவிட்டால், அடுத்த தவணை குறையும். முகவருக்கும் அதில் பங்கு உண்டு. காயம் பட்டால் முதலில் அடி வாங்குவது வருமானம். அதனால்தான் பாதி ஆறிய காலோடு ஓடத் தோன்றுகிறது, அதனால்தான் காயம் நீள்கிறது.

மோசமான வருஷம் என்பது எல்லா ஓட்டக்காரருக்கும் வரும். அதன் விலையை யார் கொடுப்பது என்பதே இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடம். நுகூஸ் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும், தொடைத் தசைக் காயத்தால் தகுதிச் சுற்றில் நிற்காமலே விலகினார். திரும்பி எங்கே போனார்? நாட்டர் டேமுக்கே. இன்னொரு வருஷம் கல்லூரி அணியில் ஓடினார். பிறகுதான் ஆன் என்ற ஷூ நிறுவனத்தின் அணியில் சேர்ந்தார். 2023-ல் வெப்பின் மைல் சாதனையை 3 நிமிடம் 43.97 விநாடி ஓடி முறியடித்தவரும் அவரே. அந்த 2021, ஒரு பதினெட்டு வயதுத் தொழில்முறை வீரருக்கு வந்திருந்தால் கணக்கு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். 2015 முதல் பெரிய கல்லூரிக் கூட்டமைப்புகளில், ஓட்டம் சரியில்லை என்ற காரணத்துக்காக உதவித்தொகையைப் பிடுங்க முடியாது என்ற விதியும் இருக்கிறது. பிரேசியருக்கும் மோசமான வருஷங்கள் வந்தன. 2019-ல் உலகச் சாம்பியனானவர், அறுவை சிகிச்சைகளால் 2022-க்குப் பிறகு ஏறத்தாழ மூன்று வருஷம் ஓட்டத்தில் கால் வைக்கவில்லை. உலகத் தங்கம் கையில் இருந்ததால் தாங்கினார். தங்கம் இல்லாத இருபது வயதுக்காரரை நினைத்துப் பார்க்க வேண்டும். கல்லூரியிலிருந்து எந்த வருஷமும் தொழில்முறைக்குப் போகலாம். தொழில்முறையிலிருந்து கல்லூரி அணிக்குத் திரும்ப வழியில்லை.

இந்திய வீரர்களுக்கு இந்தப் பாதையில் வேறு ஒரு சிக்கல் இருப்பதை தேஜஸ்வின் சங்கர் காட்டினார். டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. ஓட்டக்காரர் இல்லை, உயரம் தாண்டுபவர். கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகையில் படித்து, 2018-லும் 2022-லும் அமெரிக்கக் கல்லூரிச் சாம்பியன் ஆனவர். 2022 ஜூனில் அவர் யூஜினில் 2.27 மீட்டர் தாண்டிய அதே வாரம் சென்னையில் மாநிலங்களுக்கு இடையிலான தேசியப் போட்டி நடந்தது. தகுதி உயரமும் அதே 2.27 மீட்டர்தான். சென்னைக்கு வரவில்லை என்பதால் காமன்வெல்த் அணியில் அவர் பெயர் இல்லை. டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் இடம் கிடைத்தது. பர்மிங்காமில் வெண்கலம் வென்றார். உயரம் தாண்டுதலில் இந்தியாவின் முதல் காமன்வெல்த் பதக்கம் அது. அமெரிக்கக் கல்லூரியை நாடும் நம் பிள்ளைகள் அதிகமாகிவரும் காலம் இது. இரண்டு நாட்காட்டிகளையும் ஒத்துப்போகச் செய்வது இந்தியத் தடகளச் சம்மேளனத்தின் வேலை, பிள்ளைகளின் வேலை இல்லை.

கல்லூரிப் பக்கமும் இப்போது குறுகிவருகிறது. புதிய விதியில் அணிக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வந்துவிட்டது, கிராஸ் கன்ட்ரிக்குப் 17 பேர். அலபாமாவில் ஓடும் கென்யாவின் டோரிஸ் லெம்ங்கோலே 3000 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒன்பது நிமிடத்துக்குள் வந்த முதல் கல்லூரி வீராங்கனை. அந்தத் தரத்தில் ஆட்கள் வந்து சேரும்போது, மெதுவாக மலரும் உள்ளூர்ப் பதினெட்டு வயதுக்காரர்களுக்குக் கதவு இடுக்காகிறது. ஆனால் ஜேன் ஹெடன்கிரன் போன்றவர்களுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. 5000 மீட்டரைப் பதினைந்து நிமிடத்துக்குள் ஓடிய முதல் அமெரிக்கப் பள்ளி மாணவி, யூட்டா மாநிலத்தின் பிரோவோவைச் சேர்ந்தவர். 2025-ல் எந்த ஷூ கம்பெனியும் வரவேற்றிருக்கும். சொந்த ஊரிலேயே இருக்கும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

கையெழுத்துப் போட்டே தீருவோம் என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் இருக்கத்தான் செய்யும். அவர்கள் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. ஃபீலிக்ஸுக்குக் கிடைத்தது போலப் படிப்புச் செலவு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும், பத்து வருஷம் கழித்துப் படித்தாலும் செல்லும்படி. பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குடும்பத்திடம் இருக்க வேண்டும். மருத்துவர் கம்பெனியிடம் சம்பளம் வாங்காதவராக இருக்க வேண்டும். உடம்பு எடை பற்றிய பேச்சு அவர் மூலமாக மட்டுமே வர வேண்டும்.

ஆனால் ஒரு குடும்பம் தனியாக ஒரு பன்னாட்டு நிறுவனத்தோடு பேரம் பேசி ஜெயிப்பது கடினம். 2019-ல் ஃபீலிக்ஸ், அலிசியா மோன்டானோ, காரா கௌச்சர் ஆகியோர், கர்ப்பகாலத்தில் ஷூ ஒப்பந்தங்கள் தங்களை எப்படி நடத்தின என்று பகிரங்கமாகப் பேசினார்கள். அதன் பிறகு நைக்கி தன் கொள்கையை மாற்றி, கர்ப்பத்தை ஒட்டிய 18 மாதங்களுக்குப் பணத்தைக் குறைப்பதில்லை என்று ஒப்புக்கொண்டது. அதே பாதுகாப்பைப் பதினெட்டு வயது நிறையாமல் கையெழுத்திடும் ஒவ்வொருவருக்கும் அமெரிக்கத் தடகளச் சம்மேளனம் விதியாகவே கொண்டுவர வேண்டும். காயத்தைக் காட்டியோ, நேரம் தேங்கியதைக் காட்டியோ, முதல் இரண்டு வருஷம் ஒரு டாலரும் குறைக்கக் கூடாது. தாய்மார்களுக்குப் பதினெட்டு மாதம் கொடுத்த தொழில் இது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இருபத்து நான்கு மாதம் கொடுப்பதால் அது நஷ்டப்பட்டுவிடாது.